பாரிஸ் பிரெஞ்சுக்கு ஏங்கும் பெற்றோருக்கு

மொன்றியலில் பிள்ளை வளர்க்கும் அம்மாமாருக்கும் அப்பாமாருக்கும் இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். நானும் உங்களில் ஒருத்தி என்பதால் அந்த உரிமையை எடுத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாரிசிலிருந்து வீடியோ அழைப்பு வரும். பெரியப்பா, சித்தி, மாமா என்று எல்லோரும் முகம் காட்டி முடிந்ததும் போன் பிள்ளைகளின் கைக்குப் போகும். அங்கத்தைய பிள்ளை ஏதோ கேட்கும், இங்கத்தைய பிள்ளை பதில் சொல்லும், அங்கே சிரிப்பு வெடிக்கும். "என்னடா, காட்டுக்குள்ளை இருந்து வந்தவன் மாதிரிக் கதைக்கிறாய்?" என்பார் மாமா. மாமாவை விடுங்கள், மாமா என்றால் பகிடி விடத்தான் செய்வார். நாம் என்ன செய்கிறோம்? கூடச் சேர்ந்து சிரிக்கிறோம். போனை வைத்த பிறகு, "பார், அவன் எவ்வளவு வடிவாக் கதைக்கிறான். நீயும் அப்பிடிக் கதைச்சால் என்ன?" என்று கேட்கிறோம். அடுத்த கிழமையே பிரான்சிலிருந்து வந்த ரீச்சர் யாராவது இருக்கிறாரா என்று விசாரித்து ரியூசனுக்கு அனுப்புகிறோம். தவணை முடிவில் றிப்போட்டில் பிரெஞ்சுக்குப் புள்ளி குறைந்தால், "நான் அப்பவே சொன்னனே" என்று அதே காரணத்தைத் தூக்குகிறோம்.

அந்தப் பிள்ளை எந்தப் பிரெஞ்சைத்தான் பேசியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? 1977இல் வந்த சட்டம் 101 குடிவந்தோரின் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்பியது. அங்கே விளையாட்டு மைதானத்திலும் பஸ்ஸிலும் சாப்பாட்டு மேசையிலும் என்ன பிரெஞ்சு இருந்ததோ, பிள்ளை அதை எடுத்துக்கொண்டது. பாரிஸ் பிள்ளை "ஷுவி" என்று சுருக்குவதை நம் பிள்ளை "ஷு" என்று சுருக்குகிறது. இரண்டுமே புத்தகத்தில் இல்லாத சுருக்கம்தான், ஆனால் நமக்கு ஒன்று நாகரிகமாகவும் மற்றது நாட்டுப்புறமாகவும் கேட்கிறது. "து" என்பதை இங்கே "ட்சு" என்பார்கள். ரேடியோ-கனடாவில் செய்தி வாசிப்பவரும் அப்படித்தான் உச்சரிக்கிறார், அவரை யாரும் ரியூசனுக்கு அனுப்பவில்லை. குளிருக்குப் போடும் கையுறையை இங்கே "மித்தேன்" என்கிறார்கள், அங்கே "மூஃபிள்" என்கிறார்கள். இங்கத்தைய "தினே" மத்தியானச் சாப்பாடு, அங்கத்தைய "தினே" இராச் சாப்பாடு. இதில் எது பிழை?

இந்த ஊர்ப் பிரெஞ்சு எங்கிருந்தோ கெட்டுப்போய் வந்து சேர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு சின்ன வரலாறு சொல்ல வேண்டும். 1663க்கும் 1673க்கும் இடையில் பதினான்காம் லூயி அரசன் ஏறத்தாழ 800 பெண்களைக் குடியேற்றத்துக்காக இங்கே அனுப்பினான். 1763இல் கனடா பிரித்தானியர் கைக்குப் போனது. அதன் பிறகு பாரிசில் பேச்சு மாறிய வேகத்துக்கு இங்கே மாறவில்லை. நம் பிள்ளைகள் நண்பர்களிடமிருந்து பிடித்துக்கொள்ளும் "ம்வே", பிரெஞ்சுப் புரட்சிக்கு முன் அரசவையில் மதிப்போடு இருந்த உச்சரிப்பு. இன்றைய "ம்வா" அன்று பாரிஸ் தெருவின் உச்சரிப்பு. "ஜ வா" என்று மகன் சொன்னால் "ஜ வே என்று சொல்லடா" என்று திருத்துகிறோமே, 1647இல் வோஜ்லா என்ற இலக்கணக்காரர் எழுதி வைத்ததைப் படித்தால் சிரிப்பு வரும். படித்தவர்கள் "ஜ வே" என்கிறார்கள், ஆனால் அரசவை முழுக்க "ஜ வா" என்றுதான் சொல்கிறது, "ஜ வே" நாட்டுப்புறத்தாரும் பாரிஸ் சாதாரண சனமும் பேசுவதாகக் கருதப்படுகிறது என்கிறார் அவர். இதற்காக மகன் பரீட்சைத் தாளில் "ஜ வா" என்று எழுதலாம் என்று நான் சொல்லவில்லை. எழுதினால் ரீச்சர் சிவப்பால் கோடு போடுவார், போடவும் வேண்டும். எழுத்துக்கு ஒரு பிரெஞ்சு, தோழனுக்கு ஒரு பிரெஞ்சு என்று பிள்ளை இரண்டையும் வைத்திருக்கட்டும். எங்கள் வீட்டுத் தமிழையும் வீரகேசரிப் பத்திரிகைத் தமிழையும் நாம் அப்படித்தானே வைத்திருந்தோம்.

இந்த ஏளனக் காது நமக்கு மட்டும் உரியதும் இல்லை. இந்த ஊரே அதை நெடுங்காலம் வைத்திருந்தது. 1960இல் மக்கில் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் வாலஸ் லாம்பர்ட்டும் அவருடைய குழுவினரும் மொன்றியலில் நடத்திய ஒரு சோதனை இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. இரண்டு மொழியும் சரளமாகத் தெரிந்த சிலரை அழைத்து, ஒரே பகுதியை ஒருமுறை ஆங்கிலத்திலும் ஒருமுறை பிரெஞ்சிலும் வாசிக்க வைத்துப் பதிவு செய்தார்கள். பதிவுகளைக் கலந்து மாணவர்களுக்குப் போட்டுக் காட்டி, இந்தக் குரலுக்கு உரியவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டார்கள். எத்தனை உயரம் இருப்பார், பார்க்க எப்படி இருப்பார், புத்திசாலியா, நம்பத் தகுந்தவரா என்று கேள்விகள். இரண்டு குரலும் ஒரே ஆளுடையது என்பது கேட்டவர்களுக்குத் தெரியாது. அதே மனிதர் ஆங்கிலத்தில் வாசித்தபோது பல குணங்களில் மேலாகத் தெரிந்தார், பிரெஞ்சில் வாசித்தபோது கீழாகத் தெரிந்தார். ஆங்கிலேய மாணவர்கள் அப்படிச் சொன்னதில் அதிசயம் இல்லை. பிரெஞ்சுக் கனேடிய மாணவர்களும் தங்கள் சொந்தக் குரலைத் தாழ்த்தினார்கள், பல குணங்களில் ஆங்கிலேயர் போட்டதையும் விடக் குறைவாகப் போட்டார்கள்.

இதை வாசிக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு நம்மட வீட்டு ஹோல் ஞாபகம் வரும். குரலைக் கேட்டு ஆளின் அறிவுக்குப் புள்ளி போடுகிற வேலையைத்தானே நாமும் செய்கிறோம். அதுவும் யார் செய்கிறோம்! சென்னையில் வாய் திறந்தவுடன் "நீங்க மலையாளமா?" என்ற கேள்வியை வாங்கியவர்கள் நாம். "கதைக்கிறோம்" என்றதற்குச் சிரித்த கடைக்காரரை இன்றுவரை மறக்காதவர்கள். எங்கட தமிழ்தான் பழந்தமிழுக்குக் கிட்ட என்று கலியாண வீடுகளில் நெஞ்சு நிமிர்த்தி வாதாடுகிறவர்கள். அதே ஆட்கள் பிள்ளையின் பிரெஞ்சு என்று வரும்போது சென்னைக் கடைக்காரராக மாறிவிடுகிறோம்.

இப்போது புள்ளிக்கு வருவோம், ஏனென்றால் உங்களுக்குக் கவலை அங்கேதான். பிள்ளையின் றிப்போட்டில் பிரெஞ்சு ஒரே எண்ணாக மட்டும் வருவதில்லை. வாசிப்பு, எழுத்து, வாய்மொழி என்று மூன்று திறனுக்கும் தனித்தனி வரி இருக்கிறது. அந்த மூன்று வரியையும் பிரித்துப் பார்த்த பெற்றோர் நம்மில் எத்தனை பேர்? அடியில் இருக்கும் மொத்தத்தைப் பார்த்து, 60ஐத் தாண்டவில்லை என்றால் ஏச்சு, 80 என்றால் ஃபேஸ்புக்கில் படம். வாய்மொழியில் நல்ல புள்ளி எடுத்து எழுத்தில் சறுக்கிய பிள்ளைக்கு உச்சரிப்புத் திருத்த ரியூசன் கொடுப்பது, கால் நோவுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுப்பதுபோல.

உயர்நிலைப் பள்ளி ஐந்தாம் வருடத்தில் மாகாணம் முழுவதற்கும் ஒரே எழுத்துப் பரீட்சை நடக்கிறது. ஏறத்தாழ 500 சொல்லில் ஒரு கருத்தை வாதாடி எழுத வேண்டும். அமைச்சின் திருத்தும் அளவுகோலில் ஐந்து பகுதி. கேட்ட விடயத்துக்குப் பொருத்தமாகத் தெளிவாக எழுதினாயா என்பதற்கு 30 வீதம். எழுதியதன் கோர்வைக்கு 20. வாக்கிய அமைப்புக்கும் நிறுத்தற்குறிக்கும் 25. எழுத்துக்கூட்டலுக்கு 20. சொற்தேர்வுக்கு வெறும் 5. உச்சரிப்புக்கு என்ன என்று கேட்கிறீர்களா? எழுதுகிற தாளில் உச்சரிப்பு எங்கே கேட்கப்போகிறது! மித்தேனா மூஃபிளா என்ற சண்டை முழுவதும் அந்த 5 வீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதிலும் மித்தேன் என்ற சொல் இங்கத்தைய அகராதிகளில் ஒழுங்காக இருக்கிறது. ஷெர்ப்ரூக் பல்கலைக்கழகத்தில் உருவான உய்சிதோ என்ற அகராதி இணையத்தில் இலவசம், நீங்களே தேடிப் பாருங்கள். எந்தச் சொல் கியூபெக்கில் வழங்குவது, எது பிரான்சில் வழங்குவது, எது பேச்சுக்கு மட்டும் உரியது என்று அதில் குறிப்பும் இருக்கும்.

இங்கத்தைய பிரெஞ்சு ஆசிரியர் சங்கம், பள்ளியில் கற்பிக்க வேண்டிய அளவு மொழி எது என்ற கேள்வியை எப்போதோ தீர்த்துவிட்டது. சட்டம் 101 வந்த அதே 1977இல், கியூபெக் மக்கள் முறையான இடங்களில் பேச முனையும் இந்த மண்ணின் நியமப் பிரெஞ்சுதான் அது என்று தீர்மானம் போட்டார்கள். பாரிசைக் கேட்டுவிட்டுப் போடவில்லை.

அப்படியென்றால் பிள்ளைகள் எங்கேதான் புள்ளியை விடுகிறார்கள்? காதில் கேட்காத இடத்தில். பிரெஞ்சில் "பர்லே" என்று காதில் விழுவது ஒன்று. அதைத் தாளில் இடத்துக்கு ஏற்ப மூன்று நான்கு விதமாக முடிக்க வேண்டும். பன்மைக்குப் போடும் "எஸ்" பெரும்பாலும் வாயில் வராது, கையில் வர வேண்டும். இது ஊர்ப்பேச்சால் வரும் சிக்கல் அல்ல. பாரிஸ் மச்சானுக்கும் இதே சிக்கல்தான். நம்பாவிட்டால் கேளுங்கள். பிரான்சின் கல்வி அமைச்சு ஆரம்பப் பள்ளிக் கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 70 சொல் கொண்ட ஒரே சொல்வதெழுதலை 1987இலிருந்து இடைவெளி விட்டுக் கொடுத்துப் பார்க்கிறது. 1987இல் ஒரு பிள்ளைக்குச் சராசரி 10.7 பிழை. 2007இல் 14.7. 2015இல் ஏறத்தாழ 18. 2021இல் 19.4. கூடிக்கொண்டே போனது பெரும்பாலும் இலக்கணம் சார்ந்த எழுத்துப்பிழைகள். வடிவான உச்சரிப்புள்ள பிள்ளைகள்தான் அத்தனை பேரும்! அடுத்த ஞாயிறு மாமாவிடம் இந்த எண்களைச் சொல்லிப் பாருங்கள், பகிடி கொஞ்சம் குறையும்.

மறுபக்கம் இருக்கிறவர்களையும் விடமாட்டேன். "என்ர மகன் பிரெஞ்சில வெளுத்து வாங்குவான், ரீச்சருக்குத்தான் எங்களைப் பிடிக்கேல்லை" என்கிறவர்கள். கதைக்கிற பிரெஞ்சும் பாடநூல் பிரெஞ்சும் ஒரே வேகத்தில் வராது. ரொறன்ரோவின் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் மேற்குக் கனடாவில் குடிவந்தோர் பிள்ளைகள் 400 பேருக்கு மேல் உளவியல் மதிப்பீட்டுக்கு அனுப்பப்பட்ட கோப்புகளை ஆராய்ந்தார். பிள்ளை மைதானத்தில் தடங்கல் இல்லாமல் பேசுவதைப் பார்த்து மொழி வந்துவிட்டது என்று பெரியவர்கள் முடிவு கட்டுகிறார்கள், பிறகு வகுப்பில் சறுக்கினால் மூளையில் குறை என்று எழுதுகிறார்கள் என்பதை அவர் அதில் கண்டார். பேச்சு வர இரண்டு வருடம் போதும், பாட மொழியில் கூடப் படிக்கிறவர்களோடு சமனாக வர ஐந்திலிருந்து ஏழு வருடம் வரை எடுக்கும் என்றார். ஆங்கிலத்தில் பார்த்தது இது, ஆனால் பிரெஞ்சுக்கும் பொருந்தும். ஆகவே மகன் வெளுத்து வாங்கட்டும், நல்லது. அவன் கடைசியாக முழுதாய் வாசித்த பிரெஞ்சுப் புத்தகம் எது என்று தெரியுமா? தெரியாவிட்டால் ரீச்சரைக் குறை சொல்வதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

இதைவிடப் பாரமான விடயம் ஒன்று இருக்கிறது. சில பிள்ளைகளைப் பேச்சு, மொழி மதிப்பீட்டுக்கு அனுப்புமாறு பள்ளி கேட்கும். கேட்டவுடன் நம் வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கும். "என்ர பிள்ளைக்கு விசரில்லை" என்று கதவை அடித்துச் சாத்துவது ஒன்று. போகிறோம் என்று போய், அங்கே பொய் சொல்வது மற்றது. "வீட்டில என்ன மொழி?" என்று கேட்டால், ஏதோ குற்றம் செய்தவர்போல "பிரெஞ்சு" என்கிறோம். வீட்டில் பிரெஞ்சு எங்கே இருக்கிறது? வாடகை ரசீதிலும் ஹைட்ரோ பில்லிலும் இருக்கிறது.

அந்தப் பொய்யின் விலையைப் பிள்ளை கட்டுகிறது. இத்தகைய மதிப்பீடுகளில் வழக்கமாக எடுக்கும் சோதனைகளில் ஒன்று, நான்கு படம் காட்டி, ஒரு சொல் சொல்லி, எந்தப் படம் என்று தொடச் சொல்வது. எவிப் என்று 1993இல் வந்த சோதனை அது. அதன் சராசரி பிரெஞ்சுக் கனேடியப் பிள்ளைகளை வைத்துக் கணக்கிட்டது. நாள் முழுக்க வீட்டில் தமிழ் கேட்டு, ஐந்து வயதில் பிரெஞ்சு தொடங்கிய பிள்ளையை அந்தச் சராசரிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் பிள்ளை குட்டையாகத்தான் தெரியும். மக்கில் பல்கலைக்கழகத்தின் எலின் தோர்தார்தோத்திர் மொன்றியலில் பிரெஞ்சும் ஆங்கிலமும் கேட்டு வளரும் ஐந்து வயதுப் பிள்ளைகளைப் பார்த்து 2011இல் எழுதினார். ஒரு மொழியை எவ்வளவு நேரம் கேட்டார்களோ அதற்கேற்ப அந்த மொழியின் சொற்களஞ்சியம் ஏறி இறங்கியது. இரண்டையும் ஏறக்குறையச் சமமாகக் கேட்டவர்கள், சொல்லைக் கேட்டு விளங்கிக்கொள்வதில் ஒரு மொழி மட்டும் தெரிந்தவர்களோடு ஒப்பிடும் அளவில் நின்றார்கள். கேட்ட நேரம் தெரியாமல் அந்தப் புள்ளிக்கு அர்த்தமே இல்லை. அந்த நேரத்தைச் சொல்லக்கூடியவர் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான், நீங்களோ "பிரெஞ்சு" என்று சொல்லிவிட்டு வருகிறீர்கள்.

உண்மையான மொழிக் கோளாறு என்றால் அது பிள்ளை பேசும் எல்லா மொழியிலும் தலை காட்டும். பிரெஞ்சில் மட்டும் தடுமாறி, அம்மம்மாவோடு தமிழில் முழுக்கதை சொல்லும் பிள்ளைக்கு வேண்டியது பிரெஞ்சோடு இன்னும் நேரம். தமிழிலும் வசனம் கோர்க்கத் திணறும் பிள்ளைக்கு உதவி வேண்டும், அதைச் சுணக்கக் கூடாது. இரண்டையும் பிரித்தறிய மதிப்பிடுகிறவருக்கு உங்கள் தமிழ் வேண்டும். எத்தனை வயதில் முதல் சொல் வந்தது, எப்போது இரண்டு சொல்லைச் சேர்த்தது, சொன்ன வேலை விளங்குகிறதா, குடும்பத்தில் வேறு யாருக்கும் பேச்சுப் பிந்தியதா என்று கேட்பார்கள். வெட்கப்படாமல் விபரமாகச் சொல்லுங்கள்.

இந்த ஊர்ப் பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குப் பிரான்சின் தெல்ஃப் சான்றிதழ் வாங்கிக் கொடுக்கக் காசு கட்டி வரிசையில் நிற்கிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். அது பிரெஞ்சை வேற்றுமொழியாகப் படிப்பவருக்கான பரீட்சை. உங்கள் பிள்ளை செஜெப் கல்லூரி முடிக்க 900 சொல்லில் இலக்கியக் கட்டுரை எழுதும் மாகாணப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அதை இந்தச் சான்றிதழைக் காட்டித் தாண்ட முடியாது. அந்தக் காசுக்குப் புத்தகம் வாங்கலாம். நூலகத்தில் அதுவும் இலவசம்.

ரொறன்ரோவுக்கு வீடு மாறி, பிள்ளையை அங்கத்தைய பிரெஞ்சுப் பள்ளியிலேயே தொடர விட்டவர்களுக்கு இன்னொரு நிலைமை. அங்கே பிரெஞ்சுக்காரரே சிறுபான்மை. 1912இல் ஒன்ராறியோ கொண்டுவந்த 17ஆம் ஒழுங்குவிதி பிரெஞ்சு வழிக் கல்வியைத் தொடக்க வகுப்புகளோடு நிறுத்தப் பார்த்தது. அதை எதிர்த்த போராட்டம் 1927 வரை நடந்தது. ஒன்ராறியோவிலும் நியூ பிரன்ஸ்விக்கிலும் பிரெஞ்சுப் பள்ளி மாணவர் பீசா என்ற சர்வதேசச் சோதனையின் வாசிப்புப் பகுதியில் அதே மாகாணத்து ஆங்கிலப் பள்ளி மாணவரைவிடப் பின்தங்கியது பல தடவை பதிவாகியிருக்கிறது. பள்ளி வாசலைத் தாண்டினால் சுற்றிலும் ஆங்கிலம், பிறகு எப்படி இருக்கும்? நியூ பிரன்ஸ்விக்கின் மொங்டன் நகரத்தில் பிரெஞ்சும் ஆங்கிலமும் பின்னிய "ஷியாக்" பேச்சோடு வளர்ந்த அகாடியப் பிள்ளைகளைப் பற்றி அனெத் பூத்ரோ என்ற மொழியியலாளர் நெடுங்காலம் எழுதியிருக்கிறார். தன் பிரெஞ்சு மட்டமானது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் திருத்திப் பேசுவதைவிட அதிகம் செய்வது, வெளியாட்கள் முன் வாயை மூடிக்கொள்வது, அல்லது ஆங்கிலத்துக்கு மாறிவிடுவது.

நம்மட வீட்டிலும் இதுதான் நடக்கிறது, கவனித்தீர்களா? பாரிஸ் அழைப்பு வந்தால் மகள் குளியலறைக்குப் போகிறாள். அண்ணனும் தங்கச்சியும் தங்களுக்குள் ஆங்கிலம் கதைக்கிறார்கள், ஆங்கிலத்தில் யாரும் சிரிப்பதில்லை. பிரெஞ்சு வாயில் இருக்கும் நேரம் குறைகிறது, பிறகு கையிலும் குறைகிறது, றிப்போட்டில் எழுத்து வரி இறங்குகிறது. இறங்கியதும் இன்னொரு ரியூசன் தேடுகிறோம்.

அடுத்த பெற்றோர் சந்திப்புக்குப் போகும்போது மூன்று வரியில் எது கீழே என்று பார்த்துக்கொண்டு போங்கள். ரீச்சரிடம் பிள்ளையின் எழுத்துக் கொப்பியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சிவப்புக் கோடுகளில் விரலை வைத்து, "இந்தப் பிழையை இங்கத்தைய பிரெஞ்சுப் பிள்ளைகளும் விடுகிறார்களா, அல்லது என் பிள்ளை மட்டும் விடுகிறதா?" என்று கேளுங்கள். எல்லாரும் விடுகிற பிழை என்றால் பயிற்சியால் தீரும். உங்கள் பிள்ளை மட்டும் விடுவது என்றால், அது பேச்சிலிருந்து வந்ததா, தமிழிலிருந்து வந்ததா, வாசிப்புப் போதாமல் வந்ததா என்று ரீச்சரோடு இருந்து பிரித்துப் பாருங்கள். நல்ல ரீச்சருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும்.

தயவுசெய்து அந்தச் சந்திப்புக்குப் பிள்ளையையே மொழிபெயர்ப்பாளராக இழுத்துக்கொண்டு போகாதீர்கள். தன்னைப் பற்றி ரீச்சர் சொல்லும் குறையைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் வாயாலேயே அப்பாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருக்கிறது, அப்பா அந்த இடத்திலேயே முறைக்கிறார். மொழிபெயர்ப்புக்கு ஆள் வேண்டும் என்று பள்ளியிடம் முன்கூட்டியே கேளுங்கள், இல்லை என்றால் பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கள்.